ஊசி எத்தனை நாளைக்கு?

எங்கட வீட்டில ஆஸ்துமாவுக்கு நாலு பெயர் இருக்கு. அம்மம்மா "தொய்வு" எண்டு சொல்லுவா. அம்மாவுக்கு அது "முட்டு". வெள்ளவத்தையில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிற மாமாவுக்கு "வீசிங்". ஆஸ்பத்திரியில் மிஸ்மார் கேட்கிறது "ஹதிய". பழைய வைத்திய நூல்களில் தேடினால் ஈளை, இரைப்பு என்று இன்னும் இரண்டு கிடைக்கும். இதில் தொய்வுதான் எனக்குப் பொருத்தமில்லாத சொல்லாகப் படுகிறது. தொய்வது என்றால் தளர்வது, கயிறு தொய்கிற மாதிரி. முட்டு வந்த ஆளைப் பார்த்தால் எதுவும் தொய்ந்திருக்காது. கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக் கட்டின தந்தி மாதிரி நிற்கும்.

பெயரைப் பொறுத்துத்தான் மருந்தும். தொய்வு என்றால் ஆடாதோடைக் கஷாயம். (சும்மா சொல்லக்கூடாது, ஆடாதோடையிலுள்ள வசிசின் என்ற பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். ஆனால் அது சளிக்கு. இறுகின மூச்சுக்குழாய்க்கு இல்லை.) வீசிங் என்றால் நெபுலைஸ். எந்தப் பெயராக இருந்தாலும் கடைசியில் எல்லாரும் ஒரு இடத்தில் ஒன்றுசேர்வார்கள்: "ஊசி போட்டாத்தான் நிக்கும்."

அந்த ஊசி எத்தனை நாளைக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை. பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா கடுமையாக வந்து, நாளம் வழியாக ஸ்டீரொயிட் ஏற்றத் தொடங்கினால், நோயாளி குளிசையை விழுங்கி வயிற்றில் வைத்திருக்க ஏலும் என்ற நிலை வரும்வரைதான் அது தேவை. பலருக்கு ஒரு நாள். சிலருக்கு இரண்டு. சிலருக்கு முதல் மணித்தியாலத்திலிருந்தே ஊசி தேவையில்லை, குளிசை போதும். மருத்துவப் புத்தகங்களில் இதில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை எங்கட வீட்டில்தான் நடந்தது.

2022 டிசம்பர். அந்த வருடத்தை எங்கட வயசு ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெற்றோல் கியூ, கரண்ட் கட், பிறகு ஜூலை. ஏ.எல். பரீட்சை அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. டிசம்பர் இரண்டாம் கிழமை வங்காள விரிகுடாவில் மன்டூஸ் புயல் நின்றது. வடக்குக் கிழக்கில் மாடுகள் குளிரில் செத்தன. இந்தியப் பக்கமிருந்து வந்த காற்றில் கொழும்பு முழுக்க ஒரு சாம்பல் நிறம். மரைன் டிரைவில் நின்றால் கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு தெரியவில்லை. காற்று மோசம் என்று 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். அண்டைக்கு இரவுதான் அம்மாவுக்கு வந்தது.

அம்மாவுக்கு முட்டு புதுசில்லை. நீல நிற பம் எப்பவும் ஹான்ட்பேக்கில் இருக்கும். அண்டைக்கு அதை எத்தனை தரம் இழுத்தும் சரிவரவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தா. "பிள்ளை, அந்த..." என்று தொடங்கி நிப்பாட்டினா. எந்தப் பொருளைக் கேட்டா என்று கடைசிவரை தெரியாது. ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஏலாது என்பது கடுமையான ஆஸ்துமாவின் அடையாளங்களில் ஒன்று என்று பிறகு வாசித்தேன். வைத்தியர்கள் பார்க்கிற மற்றவை நிமிடத்துக்கு 25க்கு மேல் மூச்சு, 110க்கு மேல் நாடி. இழுப்புச் சத்தமே கேட்காமல் போனால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். காற்று உள்ளே போகாதபோது சத்தம் எங்கே வரும்? வீட்டில் ஆக்கள் "சத்தம் குறைஞ்சிட்டுது" என்று சந்தோசப்படுகிற நேரம் அது.

1990க்கு அடித்தோம். சுவ செரிய அம்புலன்ஸ், இந்திய உதவியில் 2016இல் தொடங்கினது. வந்தது. அதில் வந்த தம்பி சிங்களத்திலும் கொஞ்சத் தமிழிலும் கதைத்தார். ஒக்சிஜன் போட்டார். போனது ஒரு அரச வைத்தியசாலைக்கு. பெயர் வேண்டாம்.

ஈ.டி.யூ.வில் அடுத்தடுத்து நெபுலைஸ் பண்ணினார்கள். புறங்கையில் கனுலா குத்தி ஹைட்ரோகோட்டிசோன் 200 மி.கி. ஏற்றினார்கள், பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 100. விடியப்புறம் அம்மா ஒரு முழு வசனம் சொன்னா: "வீட்டுக் கதவைப் பூட்டினியோ?" அன்று முழுக்க ஊசி தொடர்ந்தது. அடுத்த நாள் காலை ரவுண்ட்ஸில் டொக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், அம்மாவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார், கட்டில் டிக்கெட்டில் ஏதோ எழுதினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். பத்து மணிக்கு மிஸ் வந்து, "அம்மே, ஹதிய அடுத?" என்று கேட்டுக்கொண்டே ஊசி மருந்தை நிப்பாட்டிவிட்டு, சின்னக் கடதாசியில் எட்டு வெள்ளைக் குளிசை தந்தா. ஒவ்வொன்றும் அஞ்சு மி.கி. பிரெட்னிசொலோன். மொத்தம் 40.

பகல் பார்க்க வந்த மாமா அந்தக் கடதாசியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"ஊசியை நிப்பாட்டிட்டாங்களோ? ரெண்டு நாள்கூட ஆகேல்ல. மருந்து முடிஞ்சிருக்கும். அதை எங்களுக்குச் சொல்லுவாங்களோ?"

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வருடம் மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிப்பாட்டினது செய்தியில் வந்தது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருகிறது வழமையாகியிருந்த காலம். அப்படியான நேரம் ஊசி எடுபட்டு எட்டுச் சின்னக் குளிசை வந்தால் ஆர் நம்புவார்? அதுவும் சிங்களத்தில் ஒரு கேள்வியும் ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கலும் மட்டும் விளக்கமாகக் கிடைக்கிற இடத்தில்.

மாமாவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. எங்கட ஃப்ளாட்டில் மேல்மாடி அன்ரி முந்தின வருடம் இதே வருத்தத்துக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள் கிடந்தவ. அஞ்சு நாளும் கையில் கனுலா, அஞ்சு நாளும் ஊசி. பில் எவ்வளவு என்று லேன் முழுக்கத் தெரியும். "காசு பாக்காத தங்கச்சி, அங்க கொண்டுபோவம்," என்று மாமா அம்மாவிடம் சொன்னார். அஞ்சு நாள் ஊசி அவருக்கு அஞ்சு நாள் அக்கறை. குளிசை என்றால் கைகழுவி விடுறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது: உண்மையில் எத்தனை நாள்? நான் கலைப்பிரிவு. உயிரியலோடு எனக்கு ஓ.எல். விஞ்ஞானத்தோடு முடிஞ்சுது. ஆனால் போனும் டேட்டாவும் இருந்தது. வார்ட்டுக்கு வெளியில் வாங்கில் இருந்து வாசித்தேன். ஹவுஸ் ஒஃபிசர் அக்கா ஒருத்தர் தமிழ். பின்னேரம் அவவைப் பிடித்துக் கேட்டபோது பத்து நிமிடம் நின்று விளக்கினா. அந்தப் பத்து நிமிடத்தையும் பிறகு வாசித்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

கடுமையான ஆஸ்துமாவில் இரண்டு விசயம் நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்பக்கச் சவ்வு வீங்கிச் சளி அடைக்கிறது. தசையை விடுவிக்கிறது சல்பியூட்டமோல். நெபுலைசரில் வருகிற புகை மாதிரிச் சாமான் அதுதான், நிமிடங்களில் வேலை செய்யும். வீக்கத்தை அடக்குகிறது ஸ்டீரொயிட். அது கலத்துக்குள்ளே போய் மரபணுக்களின் வேலையை மாற்றித்தான் வீக்கத்தைக் குறைக்கிறது. அதற்கு மணித்தியாலக்கணக்கு வேண்டும், நாலோ அதற்கு மேலோ. நாளத்தில் ஏற்றினாலும் அந்த மணித்தியாலங்கள் அப்படியேதான். இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஊசி போட்ட உடனே சுகமானது என்று நாங்கள் நினைக்கிறது நெபுலைசரும் ஒக்சிஜனும் செய்த வேலையை. பேர் வாங்குறது ஊசி.

அப்படியென்றால் குளிசைக்கும் ஊசிக்கும் என்ன வித்தியாசம்? பிரெட்னிசொலோன் குடலிலிருந்து கிட்டத்தட்ட முழுதாகவே இரத்தத்துக்குப் போய்விடும். 1986இல் லான்செட்டில் வந்த ஒரு பிரித்தானிய ஆய்வு இதையேதான் கேட்டது: கடுமையான ஆஸ்துமாவோடு வந்து, குளிசை எடுக்கிற ஆக்களுக்கு மேலதிகமாக ஹைட்ரோகோட்டிசோன் ஊசியும் போட்டால் ஏதும் நன்மை உண்டா? செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிற அளவுக்குப் போகாத நோயாளிகளில், இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அமெரிக்க ஆய்வு ஒன்றும் அதே பக்கம்தான் நின்றது. அதாவது அம்மாவின் கையில் எட்டுக் குளிசை வைக்கப்படுவதற்கு முப்பத்தாறு வருடம் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஊசி உண்மையாகவே தேவைப்படுகிற ஆக்கள் இருக்கிறார்கள். விழுங்க ஏலாத அளவு மூச்சுத் திணறுகிறவர், சத்தி எடுக்கிறவர், மயங்கினவர், ஐ.சி.யூ.வில் குழாய் போட்டிருக்கிறவர். அவர்களுக்கு அது உயிர். அம்மாவுக்கும் முதலாம் இரவு அப்படித்தான். அம்மாவால் தேத்தண்ணி குடிக்க ஏலும் என்றானபோது டொக்டர் மாற்றினார். அவர் கோப்பையைப் பார்த்தது ஏன் என்று எனக்குப் பின்னேரம்தான் விளங்கியது.

இன்னொரு கணக்கு. ஹைட்ரோகோட்டிசோன் 20 மி.கி. என்பது பிரெட்னிசொலோன் 5 மி.கி.க்குச் சமம். ஆறு மணித்தியாலத்துக்கு 100 என்றால் நாளைக்கு 400, அது பிரெட்னிசொலோன் 100 மி.கி. குளிசையில் குடுக்கிறது 40. ஊசியை இழுத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும் தேவையானதை விட இரண்டரை மடங்கு உடம்புக்குள் போகிறது, அதே பலனுக்கு. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு. ஊசி ஓடின அந்த ஒன்றரை நாளில் அம்மாவின் சீனி ஏறின ஏற்றத்தைப் பார்த்துத்தான் மிஸ் அடிக்கடி விரலில் குத்தினா. கனுலா குத்தின இடம் சிவந்து நோகத் தொடங்கியிருந்தது. மேல்மாடி அன்ரிக்கு அந்த அஞ்சு நாளில் நாளம் கயிறு மாதிரித் தடித்தது என்பதையும் லேன் முழுக்கச் சொல்லியிருந்தவ. அதை ஆரும் பில்லோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டார், "அப்ப ஏன் அவங்கள் அஞ்சு நாள் போட்டவங்கள்?"

நல்ல கேள்வி. அன்ரி விழுங்க ஏலாமல் இருந்திருக்கலாம் என்றேன். மாமா சிரித்தார். அன்ரி இரண்டாம் நாளே கேன்டீனில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டது அவருக்குத் தெரியும்.

ஊசிமேல் எங்களுக்கிருக்கிற மரியாதைக்கு ஒரு வரலாறும் இருக்கலாம். கோட்டிசோன் உலகத்துக்கு அறிமுகமானதே அற்புதம் மாதிரித்தான். 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் நடக்க முடியாமலிருந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள், சில நாட்களில் எழும்பி நடந்தா. 1950இல் கெண்டல், ரைக்ஷ்டைன், ஹென்ச் மூன்று பேருக்கும் நோபல். 1956இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் கடுமையான ஆஸ்துமாவில் அது பலன் தருகிறது என்று ஒழுங்கான பரிசோதனையில் காட்டியது. கம்பஸில் பாதிப் பேரின் டீஷேர்ட்டில் இருக்கிற சே குவேராவும் ஆஸ்துமாக்காரர், ஒவ்வாமை பற்றி ஆராய்ந்த டொக்டரும்கூட. 1959இல் இலங்கைக்கு வந்து ஹொரண பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் நட்டுவிட்டுப் போனவர். 1967 ஆகஸ்டில் பொலிவியாவில் அவர் மருந்தை ஒளித்து வைத்த குகைகள் இராணுவத்திடம் அகப்பட்டன. கடைசி மாதங்களில் அவரை வாட்டினதில் முட்டும் ஒன்று. இதை நான் சொல்லும்போதெல்லாம் எங்கட பச்சில் ஒரு தோழர் தலைப்பை மாற்றிவிடுவார்.

ஆனால் குளிசையின் கதையைச் சொல்ல எங்களுக்கு வெளிநாட்டு ஆள் தேவையில்லை. சேனக பிபிலே என்ற பேராசிரியர் இங்கேதான் இருந்தார். மருந்தை வியாபாரப் பெயரால் இல்லாமல் அதன் சொந்தப் பெயரால் வாங்கவேண்டும், நாட்டுக்கே மொத்தமாக விலைகோரி வாங்கவேண்டும் என்று நின்றவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். 1977இல் கயானாவில் இறந்தார். பிரெட்னிசொலோன் அவருடைய வாதத்துக்கு அச்சொட்டான உதாரணம்: பழைய மருந்து, மலிவு, ஆரும் விளம்பரம் செய்யத் தேவையில்லாதது. கடதாசித் துண்டில் மடித்துத் தருகிற மருந்துக்கு மரியாதை வராது என்பதுதான் அதன் குறை. மினுமினுப்பான பெட்டியில் போட்டு ஆயிரம் ரூபா விலை போட்டிருந்தால் மாமா பேசாமல் இருந்திருப்பார்.

டொக்டர்மாரையும் நான் முழுக்க விடப்போவதில்லை. தமிழ் அரசகரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று. வார்ட்டில் அது சுவரிலுள்ள மும்மொழிப் பலகையோடு நின்றுவிடுகிறது. "நல்லா இருக்கிறீங்கள், அதால ஊசி தேவையில்லை, குளிசையும் அதே மருந்துதான்." இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. எந்த மொழியிலாவது சொல்லியிருந்தால் மாமாவுக்குப் பாதிக் கோபம் வந்திருக்காது. அறுபது கட்டிலுக்கு மூன்று டொக்டர் என்றால் நேரமில்லைத்தான். ஆனால் அந்த ஒரு வசனம் இல்லாததால் ஒரு குடும்பம் கடன் வாங்கி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு வருகிறது. நாங்கள் போகவில்லை. அம்மாதான் கடைசியில் முடிவெடுத்தா. "எனக்கு மூச்சு வருது. இஞ்சயே இருக்கிறன்."

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். உண்மையில் பயப்படவேண்டியது அதற்குப் பிறகுதான் என்று எனக்கு இப்போது படுகிறது. 2014இல் பிரித்தானியாவில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒரு அறிக்கை வந்தது. 195 மரணங்களில் 19 பேர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்துமாவுக்கு மருந்தெடுத்து வீடு வந்து 28 நாளுக்குள் இறந்தவர்கள். நாங்கள் ஊசி எத்தனை நாள் என்று சண்டை பிடிக்கிறோம். குளிசை எத்தனை நாள், பிரவுண் பம் ஒவ்வொரு நாளும் இழுக்கிறாவோ, கிளினிக் எப்போது என்று ஆரும் சண்டை பிடிப்பதில்லை.

குளிசை பெரியவர்களுக்குக் குறைந்தது 5 நாள், அனேகமாக 5 முதல் 7. பிள்ளைகளுக்கு 3 முதல் 5. இந்தக் குறுகிய காலத்துக்கு எட்டு, ஏழு, ஆறு என்று படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. 1993இல் வந்த ஒரு ஆய்வு, 40 மி.கி. பத்து நாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிப்பாட்டினவர்களையும் மெதுவாகக் குறைத்தவர்களையும் ஒப்பிட்டு வித்தியாசம் இல்லை என்று காட்டியது. மாதக்கணக்காக ஸ்டீரொயிட் எடுக்கிறவர்களின் கதை வேறு, அவர்கள் சட்டென்று நிப்பாட்டினால் ஆபத்து. எங்கட வீட்டில் அம்மம்மா இரண்டையும் ஒன்றாக்கிப் பயந்துகொண்டிருந்தா.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தக் குளிசை சின்னனாக இருப்பதால் சின்ன விசயம் என்று ஆகாது. காலி வீதியில் துண்டில்லாமல் இதை வாங்கலாம் என்று நம்புகிறவர்களை எனக்குத் தெரியும். கொஞ்சம் இழுத்தால் நாலு நாள் போட்டுக்கொள்வது, மழை என்றால் போட்டுக்கொள்வது. வாழ்நாளில் நாலைந்து தரம் இப்படி எடுத்தாலே எலும்புத் தேய்வு, கண்புரை, சலரோகம் போன்றவற்றின் அபாயம் கூடத் தொடங்குகிறது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்கிறது. அதே வழிகாட்டிதான் 2019இலிருந்து நீலப் பம்மை மட்டும் வைத்துக் காலம் ஓட்டவேண்டாம் என்றும் சொல்கிறது. பிரவுண் பம்மில் இருப்பதும் ஸ்டீரொயிட்தான், ஆனால் மைக்கிரோகிராம் கணக்கில், நேரே மூச்சுக்குழாய்க்கு. "பம் பழகிடும்" என்று அதை நிப்பாட்டுகிற அதே ஆக்கள்தான் வருடத்துக்கு இரண்டு தரம் 400 மி.கி. ஊசிக்குப் போய்ப் படுக்கிறது. அம்மாவும் அப்படித்தான் பிரவுண் பம்மை ஒக்டோபரில் விட்டிருக்கிறா. டொக்டர் கேட்டபோதுதான் அது வெளியில் வந்தது.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது தந்த கார்ட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 5/7 என்று எழுதியிருந்தது. மாமா அதை ஜூலை அஞ்சாம் திகதி என்று வாசித்து, "அதுவரைக்கும் குடிக்கச் சொல்லுறாங்களோ?" என்று கேட்டார். அம்மம்மா கிழமையில் ஏழு நாளில் அஞ்சு நாள் குடித்து இரண்டு நாள் விடுகிறது என்று நினைத்தா. ஹவுஸ் ஒஃபிசர் அக்காவிடம் ஏற்கனவே கேட்டு வைத்திருந்தபடியால் சொன்னேன்: கீழே 7 போட்டால் நாட்கணக்கு, 52 போட்டால் கிழமைக்கணக்கு. 5/7 என்றால் அஞ்சு நாள், அவ்வளவுதான். பழைய கொப்பியில் ஒரு தாள் கிழித்து "காலமை, சாப்பிட்ட பிறகு, எட்டுக் குளிசை, அஞ்சு நாள். பிரவுண் பம்: காலமை, இரவு, நிப்பாட்டக்கூடாது. இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கவும்" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். குளிசை வரியை ஆறாம் நாள் அம்மா பேனையால் வெட்டிவிட்டா. மற்ற வரி இன்னும் இருக்கு.

போன மாதம் மேல்மாடி அன்ரி லிஃப்டில் என்னைப் பிடித்தா. திரும்பவும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறா, இந்தமுறை அரசாங்கத்தில். ஹான்ட்பேக்கிலிருந்து கார்ட்டை எடுத்து நீட்டினா.

"பிள்ளை, இதில 2/52 எண்டு போட்டிருக்கு. நான் ரெண்டு குளிசையோ அம்பத்திரண்டு குளிசையோ குடிக்கிறது?"

"ரெண்டு கிழமையால கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கு அன்ரி," என்றேன். "குளிசை மேல் வரியில இருக்கு."